பூஜ்யம் சொல்லாத காரணம்

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று உயிர் தப்பியவர்கள் அதற்குப் பின் எவ்வாறு வாழ்கிறார்கள், உண்கிறார்களா, உறங்குகிறார்களா, உழைக்கிறார்களா என்பனவற்றையெல்லாம் விசாரித்து எண்களாக்கி அட்டவணையிட்டு வந்த வைத்திய சாஸ்திரம், அவர்களுடைய தாம்பத்தியம் என்னவாயிற்று என்ற கேள்வியை மட்டும் நெடுங்காலம் நாவினுனியில் வைத்துக்கொண்டு விழுங்கியே வந்தது. ஐரோப்பாவில் 1993ஆம் ஆண்டு வெளிவந்து, புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளப்பதற்கு இன்று உலகெங்கும் வழங்கும் முப்பது வினாக்கள் கொண்ட தாளில், மலச்சிக்கலுக்கு ஒரு வினா உண்டு. பசியின்மைக்கு ஒன்று உண்டு. பணமுடைக்கும் ஒன்று உண்டு. குடும்ப வாழ்க்கைக்கு இடைஞ்சல் நேர்ந்ததா என்று பொதுப்படையாகக் கேட்கும் வினாவும் ஒன்று உண்டு. ஆனால் அது படுக்கையறையின் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே செல்லும் வினாக்கள் மார்பகம், கருப்பைவாய், புராஸ்டேட் சுரப்பி என்று உறுப்புவாரியாகப் பின்னர் சேர்க்கப்பட்ட அனுபந்தங்களிலேயே இடம் பெற்றன. இப்பொருள் அனுபந்தத்தில் கிடக்கிறது என்பதே அதைப்பற்றி வைத்திய உலகம் கொண்டிருந்த அபிப்பிராயத்துக்குப் போதுமான சாட்சி.

கேட்கத் துணிந்தவர்களும் இல்லாமலில்லை. பெண்களிடையே இன்று மிகுதியாகப் பயன்படும் அளவுகோல், அமெரிக்க உளவியலறிஞர் ரேமண்ட் ரோஸனும் அவருடைய சகாக்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பெண் பாலியல் செயற்பாட்டுக் குறியீடு’ என்பது. வினாக்கள் 19, அவை விசாரிக்கும் காலம் கடந்த நான்கு வாரங்கள், விருப்பம், கிளர்ச்சி, ஈரம், உச்சம், திருப்தி, வலி என்று பிரிவுகள் ஆறு, முழு மதிப்பெண் 36. இதற்கு 2005இல் 26.55 என்று ஓர் எல்லைக்கோடும் வகுத்தார்கள். கோட்டுக்குக் கீழே விழுந்தவர் குறையுடையவர் என்று கொள்வது வழக்கமாயிற்று. பத்தொன்பது வினாக்களில் பதினைந்துக்கு ‘உறவு நிகழவில்லை’ என்று விடையளிக்க இடமுண்டு. அவ்விடைக்கு விதிக்கப்பட்ட மதிப்பெண் பூஜ்யம். வணக்கத்துக்குரியது என்ற பொருளையும் தன்னகத்தே கொண்ட அச்சொல், இந்தத் தாளில் எவ்வளவு அநியாயத்துக்கு உடந்தையாகிறது என்பதைச் சிறிது கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும்.

இரண்டு பெண்மணிகளைக் கற்பனை செய்வோம். ஒருத்தி மார்பக அறுவை முடிந்து நலமடைந்தவள். கணவன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறான். அவன் திரும்பி வர இன்னும் ஆறு மாதம் ஆகும். அவளுடைய ஆசை வற்றவில்லை. தன் தாம்பத்தியத்தில் அவளுக்கு மனக்குறை ஏதுமில்லை. விருப்பத்துக்குரிய இரண்டு வினாக்களிலும் முழு விடை எழுதி 6 மதிப்பெண் பெறுகிறாள். திருப்திக்குரிய மூன்றில் இரண்டுக்கு முழு விடை எழுதி 4 பெறுகிறாள். மற்றவையெல்லாம் பூஜ்யமாகக் கூட்டுத்தொகை 10. மற்றொருத்தி கருப்பைவாய்க்குக் கதிர் சிகிச்சை பெற்றவள், ஆசை அற்றுப்போயிற்று, ஈரம் வறண்டுவிட்டது, ஒவ்வொரு முறையும் வலி, ஆயினும் கணவன் மனம் கோணக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு இணங்குகிறாள். விருப்பத்துக்கு அவள் பெறுவது மிகக் குறைந்த 1.2, கிளர்ச்சி, ஈரம், திருப்தி, வலி ஆகிய நான்குக்கும் கடைசிக்கு முந்தைய விடையைக் குறித்தால் தலைக்கு 2.4, உச்சத்துக்குக் கடைசி விடை, 1.2. கூட்டிப் பார்த்தால் 12. கோட்டுக்குக் கீழேதான் இருவரும். எனினும், நிறைவோடு காத்திருப்பவளைக் காட்டிலும் வேதனையோடு இணங்குபவள் இரண்டு மதிப்பெண் உயர்ந்து நிற்கிறாள்.

இதனால் அந்தத் தாளை இயற்றியவர்களைக் குறைகூறுவது நியாயமாகாது. கிளர்ச்சிக் குறைபாடுள்ள 128 பெண்களையும் அக்குறை இல்லாத 131 பெண்களையும் ஒப்பிட்டு, உறவில் ஈடுபட்டு வரும் பெண்ணுக்கு என்ன இடையூறு என்று பகுத்தறிவதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. புற்றுநோய் விடுதிக்கென்று பிறந்ததன்று. மேயர்-பால்பர்க், டோலெசால் என்னும் இருவர் 2007இலேயே இப்பூஜ்யத்தின் விபரீதத்தை எடுத்துக்காட்டி, செயல் இல்லாமையும் செயற்குறையும் வெவ்வேறு என்று எழுதினார்கள். 2012இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் நிலையத்தார் புற்றுநோயினின்று மீண்ட பெண்களிடம் இத்தாளைச் சோதித்து, பயன்படுத்தத் தக்கதே என்று கண்டார்கள். தக்கதுதான், தராசு பழுதில்லை. தட்டில் ஒன்றும் வைக்கப்படாதபோது முள் காட்டும் எண்ணையும் எடையென்று குறித்துக்கொள்வதில்தான் பிழை நேர்கிறது.

பூஜ்யம் துயரத்துக்கு அடையாளமாகாதது போலவே, பூஜ்யமல்லாத எண்ணும் சுகத்துக்கு அடையாளமாகாது. இதற்கு நான் அறிந்த வரையில் மிகத் தெளிவான சான்று ஸ்வீடனிலிருந்து 1999ஆம் ஆண்டு வந்தது. அந்நாட்டில் 1991, 1992ஆம் ஆண்டுகளில் ஆரம்ப நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களையும், அந்நோய் வராத பெண்களையும் காரின் பெர்க்மார்க் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் ஒப்பிட்டு விசாரித்தார்கள். முறையாக உறவு கொள்கிறோம் என்றவர்கள் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 68 பேர். நோய் வராதவர்களில் 72 பேர். இந்த ஒரு வினாவோடு விசாரணை முடிந்திருக்குமானால், சிகிச்சையால் தாம்பத்தியத்துக்குப் பெரிய பங்கம் ஒன்றும் இல்லையென்று அறிக்கை எழுதி முத்திரை வைத்திருப்பார்கள். அவர்கள் மேலும் கேட்டார்கள். ஈரம் போதவில்லை என்றவர்கள் இந்தப் பக்கம் 26, அந்தப் பக்கம் 11. யோனிக்குழல் குறுகிக் கட்டையாகிவிட்டது என்றவர்கள் 26, அந்தப் பக்கம் 3. நெகிழ்ச்சி இல்லையென்றவர்கள் 23, அந்தப் பக்கம் 4. இம்மாற்றங்களால் மனம் வருந்துகிறோம் என்றவர்களும் நூற்றுக்கு 26 பேர்; நோய் வராதவர்களில் 8 பேர். அதாவது, நிகழ்ச்சி ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. நிகழ்ச்சிக்குள் இருந்த அனுபவம் வேறாகிவிட்டது. எத்தனை முறை என்ற வினாவுக்கு இருவகைப் பெண்களும் ஒரே விடையை அளிக்கக்கூடும். எப்படி என்ற வினாவே அவர்களைப் பிரித்துக் காட்டுகிறது.

சிகிச்சையின் தீங்குகளை வைத்தியர்கள் தரப்படுத்தும் முறையிலும் இதே கோளாறு வேறு உருவத்தில் ஒளிந்திருக்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் தீங்கு அட்டவணை உலகெங்கும் கையாளப்படுவது. அதில் யோனிக்குழல் சுருங்குவதற்கு இரண்டாம் தரம் எதுவெனில், வைத்தியரின் பரிசோதனைக்கு இடையூறு செய்யாத அளவு சுருக்கம். பரிசோதனைக்கோ உறவுக்கோ இடையூறு செய்தால் அது மூன்றாம் தரம். நோயாளியின் இல்லற வாழ்வில் நேர்ந்த குறையை அளக்கும் கோலாக வைத்தியருடைய விரலும் அமைந்துவிட்டது விந்தையே. ஆசை குறைவதற்கோ தரம் இரண்டுதான்: துணையோடுள்ள உறவைப் பாதிக்காத குறைவு முதல் தரம், உறவைப் பாதிக்கும் குறைவு இரண்டாம் தரம். கணவனோ மனைவியோ முகம் சுளிக்காதவரை இழந்தவருடைய இழப்பு கணக்கில் ஒரு படி தாழ்ந்தே நிற்கும். துணையில்லாத விதவைக்கும் மணமாகாதவருக்கும் இரண்டாம் தரத்தை எட்டும் யோக்கியதையே இல்லை போலும்! வருத்தத்தை வருத்தமாகவே கேட்டறிவதற்கென்று லெனார்ட் டெரோகாட்டிஸ் 2002இல் பன்னிரண்டு வினாக்கள் கொண்ட தனித்தாள் ஒன்றை வெளியிட்டிருக்கிறார். செயலை அளக்கும் தாளோடு அதையும் சேர்த்துக் கொடுத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஆண்கள் விஷயத்தில் கதை சிறிது வேறு. அங்கே ஆராய்ச்சிக்குப் பணம் இருந்தது. ரோஸன் 1997இல் வெளியிட்ட பதினைந்து வினாக்கள் கொண்ட ஆண்மைத் தாள், மறு ஆண்டில் வயாக்ரா என்ற பெயரோடு கடைக்கு வந்த சில்டனாஃபில் மாத்திரையின் சோதனைகளை ஒட்டிப் பிறந்தது. ஆகவே குறி விறைப்பே அதன் முதற் கவலை. முயன்று பார்க்கவில்லை என்று விடையளித்தவனுக்கு அங்கும் பூஜ்யம்தான். மனைவி நோயுற்றிருப்பதால் விலகியிருப்பவனும், நரம்பு அறுபட்டதால் இயலாதவனும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். நரம்பு என்றதும் ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனமில்லை. புராஸ்டேட் சுரப்பியை அகற்றிய ஆண்களிற் பெரும்பாலோர் ஆண்மையிழப்பது அந்த அறுவையின் தலைவிதி என்றே பலகாலம் நம்பப்பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து அறுவை வைத்தியர் பேட்ரிக் வால்ஷ், 1981இல் ஹாலந்து தேசத்து லைடன் நகருக்குச் சென்று, டோங்கர் என்ற முதிய வைத்தியரோடு அமர்ந்து இறந்து பிறந்த சிசுவின் உடலை நுணுகி ஆராய்ந்தபோது, விறைப்புக்குரிய நரம்புகள் சுரப்பிக்குள் புகாமல் அதன் ஓரமாகவே செல்கின்றன என்று கண்டார். 1982 ஏப்ரல் 26ஆம் தேதி அந்நரம்புகளைக் காத்து முதல் அறுவையைச் செய்தார். தலைவிதி என்று கருதப்பட்டது வெறும் உடற்கூற்று அறியாமையாக இருந்தது.

ஆயினும் நரம்பைக் காத்துவிட்டால் வாழ்வையும் காத்துவிட்டோம் என்று எண்ணிவிடலாகாது என்பதைப் பிரிட்டனில் நடந்து 2016இல் முடிவுகள் வெளியான பெரிய ஆராய்ச்சி புலப்படுத்திற்று. புராஸ்டேட் புற்றுநோய் கண்ட 1643 ஆண்களைச் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையால் மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவையும், ஒரு பிரிவுக்குக் கதிரும், ஒரு பிரிவுக்கு உடனடிச் சிகிச்சையின்றி விழிப்பான கண்காணிப்பும் அளித்தார்கள். தொடக்கத்தில் உறவுக்குப் போதிய விறைப்பு உடையவர்கள் நூற்றுக்கு 67 பேர். ஆறு மாதத்தில் அறுவைப் பிரிவில் அது 12 ஆகவும், கதிர்ப் பிரிவில் 22 ஆகவும், கண்காணிப்பில் 52 ஆகவும் குறைந்தது. ஆறு ஆண்டு சென்றபின் முறையே 17, 27, 30. கடைசி எண்ணைக் கூர்ந்து நோக்க வேண்டும்: முதலில் கத்தியும் கதிரும் படாதவர்களிடையேயும் 67 என்பது 30 ஆகிவிட்டது; வயதும், அவர்களிற் பலர் பின்னர் ஏற்ற சிகிச்சையும் அதற்குக் காரணங்கள். சிகிச்சைக்கு முன் கேட்டு எழுதி வைத்திராவிட்டால், ஒப்பிடுவதற்கு வேறொரு கூட்டமும் இல்லாவிட்டால், இவற்றுள் நோய் கொண்டது எது, மருந்து கொண்டது எது, முதுமை கொண்டது எது என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நம் மருத்துவமனைகளில் சிகிச்சைக்கு முன் இவ்விஷயத்தைக் கேட்டுக் குறிப்பது அபூர்வம். உயிர் ஊசலாடும்போது இதையா கேட்பது என்ற தயக்கம் இயல்பானதே, எனினும் அத்தயக்கத்தின் விலையைப் பின்னர் நோயாளியே செலுத்துகிறார்.

பிறப்புறுப்பை மட்டும் நோக்கும் கண் எதைக் காணாமல் விடும் என்பதற்கு வாய்ப் புற்றுநோயே தக்க உதாரணம். இந்திய ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் முதலிடம் பெறுவது அதுவே. வெற்றிலைச் செல்லத்துக்கும் புகையிலைப் பொட்டலத்துக்கும் நாம் செலுத்தும் கப்பம் அது. தாடையின் ஒரு பகுதி போய், உமிழ்நீர் வற்றி, வாய் இரண்டு விரல் அளவுக்குமேல் திறவாமல், சொல் குழறி, எவ்வளவு கழுவினாலும் நீங்காத துர்வாடையோடு வீடு திரும்பும் ஒருவனுக்கு விறைப்பு முன்போலவே இருக்கக்கூடும்; ஆண்மைத் தாளில் அவன் குறைவின்றித் தேறிவிடுவான். ஆனால் அவன் முத்தமிட முடியாது. இருட்டில் மனைவியின் காதோடு பேச முடியாது. அவள் முகத்தருகே தன் முகத்தைக் கொண்டுபோகவே கூசுகிறான். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கென்று ஐரோப்பியர் இயற்றிய 35 வினாக்கள் கொண்ட அனுபந்தத்தில் காம விருப்பத்துக்கும் இன்பத்துக்கும் இரண்டு வினாக்கள் உண்டு. ஆனால் என் கண்ணுக்கு அவ்விரண்டினும் கூர்மையாகப் படுவது, குடும்பத்தாரையும் நண்பரையும் தொட்டுப் பழகுவதில் சிரமம் உண்டா என்று சமூகப் பழக்கங்களின் வரிசையில் அடக்கமாக நிற்கும் வேறொரு வினா. ஸ்பரிசம் என்பது சம்போகத்தின் முன்னுரை மட்டுமன்று. அதுவே சிலருக்கு முழு நூலாகவும் அமைந்துவிடுகிறது.

அளவுகோல்கள் இவ்வளவு இருந்தும் அவற்றை எடுத்து நீட்டும் கை வேண்டுமே. கருப்பைவாய், யோனிப் புற்றுநோயினின்று மீண்டு பல்லாண்டு வாழ்ந்துவரும் அமெரிக்கப் பெண்களை சிகாகோவைச் சேர்ந்த ஸ்டேசி லிண்டாவ் விசாரித்து 2007இல் எழுதிய கட்டுரையில், வைத்தியர்கள் இதைப்பற்றித் தவறாமல் பேச வேண்டும் என்று நூற்றுக்கு 74 பேர் கருதினார்கள். தம் வைத்தியர் ஒருபோதும் பேச்செடுத்ததில்லை என்றவர்கள் 62 பேர். நாணம் கீழ்த்திசைப் பெண்களுக்கே உரிய அணிகலன் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். நோயாளி கேட்பார் என்று வைத்தியரும், வைத்தியர் சொல்வார் என்று நோயாளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்க, ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டி, பேச்சைத் தொடங்கும் கடமை வைத்தியக் குழுவினுடையது என்று ஐயமற விதித்தது. இதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே, 1976இல், ஜாக் ஆனன் என்ற உளவியலறிஞர் உதவியின் படிகளை நான்காக வகுத்திருந்தார்: முதலில் அனுமதி, பின்னர் சிறிது விவரம், அதன்பின் குறிப்பான யோசனை, கடைசியில் தீவிர சிகிச்சை. பெரும்பாலோருக்கு முதலிரண்டு படிகளே போதும் என்பது அவர் கொள்கையின் உயிர். நம் நாட்டில் இப்பொருளில் தேர்ந்த நிபுணர் இல்லை, ஆகையால் கேட்டு என்ன பயன் என்று வைத்தியர்கள் சொல்வதுண்டு. நான்காம் படியில் ஆள் இல்லை என்பதற்காக முதற்படியையே இடித்துவிடும் வாதம் அது.

கேட்டால் என்ன பயன் என்பதற்கு விடை ஒன்று அமெரிக்காவின் போர்ட்லந்து நகரிலிருந்து 2015இல் கிடைத்தது. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் ஈஸ்ட்ரோஜன் அடக்கப்பட்ட பெண்களுக்கு உறவு வேதனையாவது வெகு சாதாரணம். அக்குறையை யோனிக்குழலின் வறட்சி என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். மார்த்தா கோட்ஷ் என்ற பெண் வைத்தியர், வலி எங்கே என்று பொறுமையாகத் தொட்டுக் கேட்டு ஆராய்ந்தபோது, அது உட்குழலில் அன்று, பெரும்பாலும் வாயிலின் மெல்லிய சருமத்திலேயே இருப்பதைக் கண்டார். பல் வைத்தியர் முதலானோர் மரக்கச் செய்யப் பயன்படுத்தும் லிக்னோகெய்ன் நீர்மத்தைப் பஞ்சில் நனைத்து மூன்று நிமிடம் அவ்விடத்தில் வைக்கச் சொன்னார். ஆராய்ச்சி முடிவுவரை நின்ற 41 பேரில் 37 பேர் வலியின்றி உறவு கொள்ள முடிந்ததென்றார்கள். அவர்களுள், தொடக்கத்தில் உறவையே கைவிட்டிருந்த 20 பெண்களில் 17 பேர் மீண்டும் இல்லறத்துக்குத் திரும்பினார்கள். இந்த இருபது பேரும் ரோஸனின் தாளில் வெறும் பூஜ்யங்களே. அவர்களுடைய பூஜ்யத்துக்குக் காரணம் வலி. வலிக்குக் காரணம் ஓரங்குலச் சருமம். அதற்கு மருந்தோ ஒரு பஞ்சு.

காரணத்தைக் கேட்க வேண்டும் என்ற யோசனை ஏதோ புதிய கண்டுபிடிப்புமன்று. மார்பகப் புற்றுநோய் வரக்கூடிய பெண்களுக்குத் தமாக்ஸிஃபன் மாத்திரை கொடுத்துத் தடுக்க முடியுமா என்று பார்த்த பிரிட்டிஷ் ஆராய்ச்சிக்காக, தர்ல்வே, ஃபாலோஃபீல்டு, குஸிக் என்னும் மூவர் 1996இல், அதாவது ரோஸனுக்கு நான்கு ஆண்டு முன்பே, ஒரு சிறு தாளை இயற்றினார்கள். உறவில் ஈடுபட்டு வருகிறீர்களா என்று அது முதலில் கேட்கிறது. இல்லையென்றால், பூஜ்யம் போட்டுவிட்டு மேலே ஓடாமல், ஏன் என்று நின்று கேட்கிறது. துணை இல்லை, எனக்குக் களைப்பு, அவருக்குக் களைப்பு, எனக்கு நாட்டமில்லை, அவருக்கு நாட்டமில்லை, என் உடம்பில் இடையூறு, அவர் உடம்பில் இடையூறு என்று காரணங்களை அடுக்கி, கடைசியில் ‘பிற காரணம்’ என்று எழுதிக்கொள்ள இடம் விட்டிருக்கிறது. நோயுற்றவளை மட்டுமின்றிக் கணவனுடைய களைப்பையும் உடல்நிலையையும் கணக்கில் கொண்ட இந்தத் தாள், பின்னால் வந்த பெரிய தாளின் புகழ் வெள்ளத்தில் ஒதுங்கிவிட்டது என் மனத்துக்கு வருத்தமே.

அந்த ‘பிற காரணம்’ என்ற காலியிடத்தைத் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தியிடம் கொடுத்தால் அவள் எழுதுவனவற்றை லண்டனில் அமர்ந்து எவரும் அனுமானித்திருக்க முடியாது. கார்த்திகை பிறந்து கணவன் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டான் என்றால், நாற்பத்தொரு நாள் விரதத்தில் ரோஸன் தாளின் நான்கு வாரமும் முழுமையாக மூழ்கிவிடும். அதே பெண்ணைத் தை மாதத்தில் கேட்டால் வேறு மனுஷி போல மதிப்பெண் பெறுவாள். மகளுக்குக் கல்யாணமாகி மருமகன் வந்துவிட்டான், இனி என்ன என்று நாற்பத்தைந்து வயதிலேயே பாயைத் தனியே விரித்துக்கொண்டவள் இருக்கிறாள். அவளுடைய பூஜ்யத்துக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமே இல்லை. ஒற்றை அறை வீட்டில், படிக்கும் பிள்ளைகளுக்கு நடுவே படுப்பவள் இருக்கிறாள். புண் ஆறும்வரை சில வாரம் சேராதீர்கள் என்று சொல்லப்பட்டு, பின்னர் சேரலாம் என்று ஒருவரும் சொல்லாததால் அந்தச் சில வாரத்தை ஆயுள் தண்டனையாக அனுபவிப்பவளும் இருக்கிறாள். ‘கரண்டு வைத்த’, அதாவது கதிர் சிகிச்சை பெற்ற, உடம்பைத் தொட்டால் தொட்டவனுக்கும் அது பாயும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடலில் தங்குவதில்லை. கருப்பைவாய்ச் சிகிச்சையில் உள்ளே வைக்கும் கதிர்மூலமும் சிகிச்சை முடிந்ததும் வெளியே எடுக்கப்பட்டுவிடுகிறது என்று இரண்டு வாக்கியம் சொன்னால் தீரும் பயம் இது. இன்னும் கொடியது ஒன்றுண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் உறவின் வழியே பரவும் வைரஸ் என்பதை ஹரால்ட் சூர் ஹௌசன் நிலைநாட்டி 2008இல் நோபல் பரிசு பெற்றார். தடுப்பூசிக்கு வழிகாட்டிய அந்த மகத்தான உண்மை அரைகுறையாக வீட்டுக்குள் நுழையும்போது, யாரிடமிருந்து வந்தது என்ற சந்தேகமாக உருமாறிப் படுக்கையின் நடுவே படுத்துக்கொள்கிறது. அது எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் தொற்றியிருக்கலாம், அதைக்கொண்டு எவருடைய ஒழுக்கத்தையும் நிறுக்க முடியாது என்பதைச் சேர்த்துச் சொல்லாத வைத்தியர் பாதி உண்மையே சொன்னவராவார்.

பாஷையும் ஒரு தடை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறில் பிறந்த புற்றுநோய் மருத்துவமனையின் காரணமாக, ‘அடையாறுக்குப் போனார்கள்’ என்ற சொற்றொடரே வியாதியின் பெயரை வாயால் சொல்லாமல் உணர்த்தும் இடக்கரடக்கலாக நம்மிடையே வழங்கிவிட்டது. வியாதிக்கே இவ்வளவு ஒதுக்கம் என்றால் மற்றதற்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளர்ச்சி, உச்சம் என்று மொழிபெயர்ப்பாளர் அச்சிட்டுக் கொடுக்கும் சொற்கள் எந்தக் கிராமத்துப் பெண்ணின் வாயிலும் வழங்குவன அல்ல. ‘அவரோட ஒண்ணா இருக்கிறது’ என்பது அவள் சொல். ‘அந்த நெனப்பே இல்லீங்க’ என்பது அவள் அளிக்கும் விடை. அகத்திணையை வகுத்த நம் முன்னோர் புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று ஐந்தை உரிப்பொருளாக வைத்தார்கள். அவ்வைந்தில் ஒன்றை மட்டும் பத்தொன்பது வினாக்களாகப் பெருக்கிக்கொண்டு வந்து, மற்ற நான்குக்கும் பூஜ்யம் போடும் தாளை இந்த நாட்டில் அப்படியே கொடுப்பது எனக்கு வேடிக்கையாகவே தோன்றுகிறது. தவிர, தானே படித்துத் தானே நிரப்ப வேண்டும் என்பது இத்தாள்களின் விதி. எழுத்தறியாதவளுக்கு ஒருவர் உரக்கப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. படிப்பவர் பெரும்பாலும் அவள் மகள் வயதுடைய ஆராய்ச்சி மாணவி. பக்கத்தில் மாமியாரோ நாத்தனாரோ அமர்ந்திருப்பார். திரைச்சீலைக்கு அப்பால் அடுத்த நோயாளி காத்திருப்பார். அந்தச் சூழ்நிலையில் பெறப்படும் ‘எப்போதும் திருப்தியே’ என்ற விடையை எண்ணாக்கிக் கணினியில் ஏற்றுவதில் ஒரு சாமர்த்தியமும் இல்லை.

அனுபவமுள்ள செவிலியர் இதற்கு ஓர் உபாயம் கையாள்வதுண்டு. மருந்துச் சீட்டைக் கூட வந்தவர் கையில் கொடுத்து, “பெரியம்மா, நீங்க போய் மாத்திரையை வாங்கிட்டு வந்திடுங்க, கூட்டம் அதிகமாயிடும்” என்று மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு அனுப்பிவிட்டு, நாற்காலியை நோயாளியின் பக்கம் சிறிது இழுத்துப் போட்டுக்கொண்டு, தாளை மடித்து வைத்துவிட்டு, “வீட்டுக்காரரும் நீங்களும் எப்படி இருக்கீங்க அக்கா?” என்று தொடங்குவார்கள். விடை உடனே வருவதில்லை. முதலில் முந்தானை நுனி விரலில் சுற்றப்படும். பிறகு வீட்டு வாடகை, பிள்ளையின் பரீட்சை, பேருந்துக் கட்டணம் ஆகியவை பேசப்படும். அவற்றுக்கு நடுவே, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, காரணம் ஒரு வாக்கியமாக வெளிவரும். மருந்து ஜன்னலின் முன் நிற்கும் வரிசை எவ்வளவு நீளமோ, அவ்வளவு நேரமே அந்தச் செவிலிக்கு உண்டு.